தகர வீட்டுக்குள் சிக்னல்

“நாலு மணிக்கு ஆய்வாளர் வர்றாரு. அதுக்குள்ள இந்தத் தீ அலாரம் பேசலேன்னா, நாளைக்குக் காலையில இங்க இருக்கற ஒன்பது பெரியவங்களையும் வெளியூர் இல்லத்துக்கு பஸ்ல ஏத்தியாகணும்” என்றார் கிளெனிஸ் ட்ரெவார்த்தா. குனாரி முதியோர் இல்லத்தை நடத்துகிறவர் அவர்தான்.

“மணி பதினொண்ணுதானே ஆச்சு? பேச வெச்சிடலாம்” என்றாள் அலாரம் பழுதுபார்க்க வந்த டானிட்சா, வேனிலிருந்து ஏணியை இறக்கியபடி.

“ரெண்டு நாளைக்குன்னு சொல்லித்தான் இங்க இருந்த எல்சிப் பாட்டியைக் கூட்டிட்டுப் போனாங்க. வருஷம் ஒண்ணாச்சு, இன்னும் அவ்வளவு தூரத்துல போர்ட் அகஸ்டா ஊர்லதான் இருக்கா. இவங்களுக்கும் அதே கதிதான் ஆகும்.”

“சரி. அலாரம் பெட்டி எங்க இருக்கு?”

பெட்டி முன்அறைச் சுவரில் இருந்தது. போன வருடம் ஊரின் பழைய தொலைபேசிக் கம்பியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு நகரத்திலிருந்து ஒருவர் வந்து, அலாரம் செல்போன் கோபுரம் வழியாகச் செய்தி அனுப்பும்படி ஒரு சின்னக் கருவியைப் பெட்டிக்குள் பொருத்தி, ஆண்டெனாவைக் கூரைமேல் நட்டுவிட்டுப் போனார். ஒரு வாரமாகத் திரையில் ‘தொடர்பு இல்லை’ என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

டானிட்சா கூரைக்கு ஏறினாள். ஐந்தே நிமிடத்தில், நார்நாராகக் கிழிந்த ஆண்டெனா வயரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

“இதைக் கடிச்சது யாரு?”

வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிளாரி பாஸ்கோ வானத்தைப் பார்த்தார். எண்பத்தாறு வயது. அவர் கால்சட்டைப் பையிலிருந்து ரொட்டித் தூள் சிந்திக்கொண்டிருந்தது.

“கிளாரி!” என்றார் கிளெனிஸ்.

“எலியா இருக்கும்.”

“எலியா? கூரை மேல முப்பது கலாக் கிளி உக்காந்திருக்கு. அதுல ஒண்ணு என் தொப்பியையே கொத்திப் பாத்துச்சு” என்றாள் டானிட்சா. நெஞ்சு சிவந்த கொண்டைக்கிளிகள் அவை. அலகில் அகப்படுவதையெல்லாம் கடித்துப் பார்க்கும்.

“தினமும் மூணு மணிக்கு டீயோட ரொட்டியை நனைச்சுப் போடுறது யாரு கிளாரி? ரெண்டே முக்காலுக்கே வந்து கூரையில காத்துக் கெடக்கு. சும்மா கெடக்குமா? வயரை மென்னுட்டுக் கெடக்கு!”

“நான் மட்டுமா போடுறேன்? ஒன்பது பேரும்தான் போடுறோம்.”

“இன்னையிலேருந்து யாரும் போடக்கூடாது.”

“நாங்க நிறுத்திடுவோம். அதுங்க நிறுத்துமா?”

டானிட்சா சிரித்துவிட்டாள். “பெரியவர் சொல்றது சரி. வருஷக்கணக்கா ஆன பழக்கம், பத்து நாள்ல போகாது. கூரை வேண்டாம். உள்ளேயே வெச்சிடலாம்.”

“உள்ளேயா? மேல தகரம், சுவருக்கும் தகரம். என் போன்லயே இங்க ஒரு கோடுகூட வராது.”

“உங்க போனு வேற கம்பெனி. பெட்டிக்குள்ள இருக்கற கருவியில ரெண்டு சிம் இருக்கு, எது நல்லா வருதோ அதுல போகும். அளந்து பாக்காம நான் எதையும் நம்பறதில்ல.”

கையடக்க அளவுமானியோடு அவள் அறை அறையாக நடந்தாள். அவள் பின்னால் இல்லமே நடந்தது. ஒருவர் “சாப்பாட்டு மேசைகிட்ட பாரு” என்றார். இன்னொருவர் “என் கட்டில்கிட்டதான் எனக்கு ரேடியோ நல்லா கேக்கும்” என்றார். முள் எங்கும் சரியாக ஏறவில்லை. சாப்பாட்டு அறையில் மோசம், கட்டில் அருகில் இன்னும் மோசம்.

கடைசியாகச் சலவையறை. கதவைத் திறந்ததும் முள் துள்ளியது.

“அட! இங்க என்ன?”

நிமிர்ந்து பார்த்தாள். கூரையில் ஒரே ஒரு தகடு மட்டும் பால்போல் வெளிறியிருந்தது. சூரியன் அதன் வழியே சலவை இயந்திரத்தின்மேல் விழுந்தது.

“பகல்ல விளக்குப் போட வேண்டாம்னு வெளிச்சத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் ஷீட்” என்றார் கிளெனிஸ்.

“அதுதான் ஜன்னல். தகரத்துல நுழையாத அலை இதுல நுழைஞ்சிடும்.”

“அப்ப பெட்டியிலேருந்து ஆண்டெனா வயரை இங்க வரைக்கும் இழுக்கணுமா?”

“இழுக்கக் கூடாது. அவ்வளவு நீட்டுக்கு இழுத்தா, வர்ற சிக்னல் வழியிலேயே கரைஞ்சு போயிடும். கருவியையே இங்க தூக்கிட்டு வந்துடறேன். பெட்டிக்கும் இதுக்கும் நடுவுல ஒரு சாதாரண வயர். அதுல செய்தியும் போகும், பேட்டரி மின்சாரமும் வரும்.”

“அந்த வயரைப் பறவை கடிக்காதா?” என்று கேட்டார் கிளாரி.

“உள்கூரைக்கு மேல, இரும்புக் குழாய்க்குள்ள போகும். கடிச்சா அலகு உடையும்.”

“கடிக்கும், பொண்ணே. நீ கலாவைப் பாத்ததில்ல.”

“எனக்கு அம்பத்திநாலு வயசு ஆகுது, என்னைப் பொண்ணேங்கறீங்க. கலாவோட வளந்தவ நான்.”

மூன்றரைக்கு வேலை முடிந்தது. அடிலெய்டில் உள்ள கண்காணிப்பு நிலையத்துக்கு அவள் போன் செய்தாள். “குனாரி இல்லத்தைச் சோதனையில போடுங்க. செய்தி வந்தா குறிச்சுக்கோங்க, தீயணைப்பு வண்டியை மட்டும் எழுப்பாதீங்க.”

“எழுப்பினா, இந்த ஊருல தீயணைப்பு வண்டி ஓட்டற பேக்கரிக்காரர்தான் மாவுக் கையோட ஓடி வரணும்” என்றார் கிளெனிஸ்.

ஆய்வாளர் ஃபாரெலி நான்கு மணிக்குச் சரியாக வந்தார். முதல் வேலையாக மெயின் சுவிட்சை அணைத்தார். பிறகு, சமையலறைக் கதவருகே இருந்த புகை உணரியில் சோதனைப் புகைக் குப்பியை வைத்து அழுத்தினார். சங்கு அலறியது. ஒன்பது பேரும் காதைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு நகர்ந்தார்கள்.

ஃபாரெலி கடிகாரத்தைப் பார்த்தார். கிளெனிஸ் ஃபாரெலியைப் பார்த்தார். டானிட்சா ஏணியை மடித்து வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் சட்டைப்பையில் போன் அடித்தது. கண்காணிப்பு நிலையம்தான். ஸ்பீக்கரைப் போட்டாள்.

“குனாரி இல்லம். சமையலறைப் புகை, மின்சாரத் தடை, ரெண்டும் வந்துடுச்சு. உங்க உணரி அடிச்ச எட்டாவது விநாடியில.”

“கரண்ட் இல்லாம எவ்வளவு நேரம் தாங்கும்?” என்று கேட்டார் ஃபாரெலி.

“ஒரு நாள் முழுக்க. நீங்க காத்திருந்து பாக்கறதா இருந்தா, கிளெனிஸ் படுக்கை போட்டுத் தருவாங்க.”

அவர் சிரிக்கவில்லை. அனுமதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

கிளெனிஸ் அங்கேயே நின்றபடி பஸ் டிரைவருக்குப் போன் போட்டார். “நாளைக்கு வர வேண்டாம். ஆமா, ஒன்பது பேரும்தான். ஒருத்தரும் வரல.”

“அப்ப நான் கட்டி வெச்ச துணிப்பெட்டியை யாரு பிரிக்கறது?” என்றார் கிளாரி.

“நீங்கதான். நான் கட்டச் சொல்லலியே” என்றார் கிளெனிஸ், சொல்லிக்கொண்டே கிளாரியின் அறைக்குள் போய்ப் பெட்டியின் பட்டையை அவிழ்க்கத் தொடங்கினார்.