நேரம்தான் ஆகணும்

லிப்ட் மெக்கானிக் தன் மகளுக்கு வைத்த பட்டப்பெயர் வக்கீலம்மா. ஏழாம் வகுப்புதான் படிக்கிறாள். ஆனால் அந்த வீட்டில் ஆங்கிலம் பேசத் தெரிந்த ஒரே வாய் அவளுடையது. தமிழ் செல்லாத ஊருக்குப் பிழைக்க வந்த இடத்தில், வீட்டுக்காரரிடம் குழாய் ஒழுகுகிறது என்று சொல்வதும், பேங்கில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்பதும் அவள்தான். பெற்றவர்கள் இருவரும் கட்சிக்காரர்கள் மாதிரி பின்னால் கைகட்டி நிற்பார்கள். வெளியே வந்ததும் அம்மா, "ஃபீஸ் எவ்வளவுங்க வக்கீலம்மா?" என்று கேட்பாள். ஐஸ்கிரீமில் கணக்குத் தீரும்.

அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தபோதும் வக்கீலம்மாதான் பேசினாள். சின்னப் பிள்ளையையா அதற்கு நிறுத்துவது என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வேறு ஆள் இருந்தால்தானே? ஒருநாள் காலையில் டாக்டர் வராந்தாவில் நின்று, கையிலிருந்த ஃபைலைப் பார்த்தபடி ஏதோ வேகமாகச் சொன்னார். கடைசியில், 'ஒன்லி எ மேட்டர் ஆஃப் டைம்' என்று முடித்தார். அவளுக்கு அதில் ஒவ்வொரு சொல்லும் தெரியும். அப்பா பக்கம் திரும்பி, "நேரம்தான் ஆகணுமாம்ப்பா. அவ்வளவுதான்" என்றாள்.

அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நேரம்தானே, ஆகட்டுமே. உள்ளே போய் மனைவியிடம், கொஞ்சம் பொறுத்துக்கொள், எல்லாம் சரியாகிவிடும் என்றார். அவள் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு ஒருநாள் இருங்களேன்" என்றாள். லீவு போட்டுப் போட்டு மேஸ்திரியிடம் பாட்டு வாங்கியிருந்தவர், சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று விரலைப் பிரித்துவிட்டு, மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் மனைவி போய்விட்டாள். அவர் அப்போது லிப்ட் குழிக்குள் இருந்தார். போன் மேல்மாடியில் பையோடு கிடந்து அடித்து அடித்து ஓய்ந்தது. கடைசிவரை எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை, தமிழ் தெரியாத நர்ஸ் தன் கண்ணைத் தொட்டு, வாசலைக் காட்டிச் சொன்னாள்.

டாக்டரும் மனுஷன்தானே, அவர் கணக்கும் தப்பிவிட்டது என்று மெக்கானிக் மனதைத் தேற்றிக்கொண்டார். அந்தத் தேறுதலும் இன்று சாயங்காலம்வரைதான்.

அவர் கையில் ஏறிய கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மகள் ஷூவைக்கூடக் கழற்றாமல் பின்னால் வந்து நின்றாள். பள்ளியில் இன்றைக்கு ஆங்கிலப் பாடம் சொல் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் வரும் பேச்சுகளைப் பற்றியதாம். பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்றால் பலத்த மழையாம். வகுப்பே சிரித்ததாம், அவளும் சிரித்தாளாம். அதற்கு அடுத்ததாக டீச்சர் போர்டில் எழுதியதைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

"அப்பா, ஆஸ்பத்திரில நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"எதை?"

"நேரம்தான் ஆகணும்னு சொன்னேன்ல. அதுக்கு அது அர்த்தம் இல்லையாம். முடிவு தெரிஞ்சுபோச்சு, இன்னிக்கா நாளைக்காங்கிறதுதான் பாக்கின்னு அர்த்தமாம். டீச்சர்கிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டேன்."

சோப்பு கையிலிருந்து நழுவியது. அப்படியானால் சொல்லியிருக்கிறார்கள். முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். இருங்களேன் என்றவளின் விரலைப் பிரித்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் கண் சுவருக்குப் போனது. அங்கே அவள் படத்துக்குக் கீழே, நண்பர்கள் அச்சடித்துக் கொடுத்த தாளில் 'காலமானார்' என்று இருந்தது. அந்தச் சொல்லுக்குள்ளும் நேரம்தான் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்கு இதுவரை தோன்றியதில்லை.

ஒரு கணம் பெற்ற பிள்ளைமேலேயே ஆத்திரம் வந்தது. உண்மையை மறைப்பானேன், வந்தது. மறுகணம் அவளைப் பார்த்தார். ஷூ நாடா அவிழ்ந்து கிடக்க, உதட்டைக் கடித்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்து நிற்கிறாள். இதைத் தலையில் ஏற்றிவிட்டால் இந்தப் பிள்ளை ஆயுசுக்கும் இறக்கி வைக்காது.

"நீ எப்படிச் சொல்லியிருந்தா என்னம்மா? டாக்டர் மூஞ்சியப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

அவள் தோள் இறங்கியது. பெருமூச்சு விட்டாள். சரி, பிழைத்தோம் என்று அவர் சோப்பை எடுக்கக் குனிந்தார். ஆனால் வைத்த பெயர் வக்கீலம்மா ஆயிற்றே.

"தெரிஞ்சுமா வேலைக்குப் போனீங்க?"

அவர் இதை யோசித்திருக்கவில்லை. இல்லை என்றால் பாரம் திரும்ப அவள் தலைக்கே போகும்.

"ஆமா."

"அம்மா இருங்கன்னாங்களே. நான் பாத்துட்டுத்தானே இருந்தேன்."

"ஆமா" என்றார் மறுபடியும்.

அவரை யாரோ ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சொல்வது ஒன்று, பொருள் வேறொன்று என்று இன்றைக்குத்தான் படித்துவிட்டு வந்தவள், அப்பா சொன்னதை மட்டும் எழுத்துக்கு எழுத்து நம்பிவிட்டாள்.

கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். திறந்தால் உண்மையைச் சொல்லிவிடுவோமோ என்று பயமாக இருந்தது. திரும்பிப் போய்க் கிரீஸைத் தேய்க்க ஆரம்பித்தார்.