குழுவிலிருந்து ஒருவர்

விடியற்காலைக் கடல் காற்றையும் மீறி ஷெட்டுக்குள் அமில நெடி மூக்கை அரித்தது. கதிர்வேல் டிரம்மைத் தோளால் முட்டுக்கொடுத்துச் சாய்க்க, பவானி மூடியை முறுக்கினாள். கையுறை கிழிந்து, அவள் விரல் நுனி வெந்து வெளுத்திருந்தது. சுவரில் புது டிவி. அதில் குழுக்களின் பெயர், லெவல், புள்ளி. இவர்களுடையது சிங்கம் குழு. கடைசி இடம்.

எல்லாம் புது மேனேஜர் கார்த்திகேசனின் கூத்து. ஆன்லைன் கேமில் பெரும்படையைக் கட்டி மேய்த்தவராம். அந்த வித்தையைக் கடலூர் ரசாயன ஆலையில் இறக்கிவிட்டார். டிரம் நிரம்பினால் புள்ளி ஏறும். நிரப்பும் லைன் நின்றால் குழுவுக்கே இறங்கும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் குஷிதான். பிறகு வால்வு கசிந்தால் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் நிரப்பக் கற்றுக்கொண்டார்கள். புள்ளிக்காகத் தன் கண்ணையே பணயம் வைக்க மனிதனைப் பழக்கிவிட்டார்கள், பாவிகள்.

நேற்று வால்வு பீய்ச்சியதும் கதிர்வேல் துணியைத் தேடவில்லை. லைனை நிறுத்திவிட்டான். குழுவுக்குப் புள்ளி இறங்கியதிலிருந்து, கூட வேலை செய்யும் கலைமணி அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டீ நேரத்தில் கார்த்திகேசன் வந்தார்.

"கேம்ல ஒரு ரூல் இருக்கு. டீமைக் கீழ இழுக்கிற ஆளை டீமே வெளியேத்தும். போன்ல ஆளுக்கு ஒரு பேரை அமுக்குங்க. அதிக ஓட்டு வாங்குனவங்க நாளைக்கு வர வேணாம்."

சிதம்பரத்தில் கைக்குழந்தையோடு மனைவியை விட்டு வந்திருந்த கதிர்வேல் தலையைக் குனிந்துகொண்டான்.

"நானும் அந்த கேம் ஆடியிருக்கேன் சார்" என்றாள் பவானி. "புடிக்கலன்னா மூடி வெச்சிட்டுப் போயிடுவோம். இங்க முடியுமா?"

"முடியும். கேட் தொறந்துதான் இருக்கு."

அவர் ஏசி அறைக்குள் போனதும் கலைமணி போனை எடுத்தாள். "யார் பேருன்னு எனக்குத் தெரியும்."

"இரும்மா" என்றார் குழுவின் நாலாவது ஆளான பரங்கிப்பேட்டை அபுல் ஹசன். இருமல் அவரைப் பேச விடவில்லை. "நேத்து அந்த வால்வுல துணி சுத்துனது நான்தான். இவன் நிறுத்தலன்னா எதிர்ல நின்ன உம் மூஞ்சி வெந்திருக்கும். நான் என் பேரத்தான் அமுக்கப் போறேன்."

கலைமணியின் விரல் நின்றுவிட்டது. அவள் அபுல் ஹசனை நிமிர்ந்து பார்த்தாள்.

"துணி சுத்தாதவ யாரு பாய்? நானுந்தான சுத்துனேன்."

எல்லா ஷெட்டு டிவிகளிலும் முடிவு வந்தபோது கார்த்திகேசன் ஓடி வந்தார். அபுல் ஹசன், ஒரு ஓட்டு. பவானி, ஒரு ஓட்டு. கலைமணி, ஒரு ஓட்டு. கதிர்வேலுக்கும் அவன் போட்ட ஒரே ஓட்டு.

"என்ன வெளையாடுறீங்களா?"

"நீங்கதான சார் வெளையாடச் சொன்னீங்க" என்றாள் பவானி. "தூக்குறதுன்னா எல்லாரையும் தூக்குங்க. இல்ல, வால்வ மாத்துங்க. அதுவரைக்கும் லைன்ல நிக்க மாட்டோம்."

"வெளிய வேலைக்கு ஆளு ஜாஸ்தி. தெரியும்ல?"

வால்விலிருந்து நெடி இன்னும் கனமாக வந்துகொண்டிருந்தது.

லைன் மணி அடித்தது. நால்வரும் அசையவில்லை.

கார்த்திகேசன் மறுபடி மணியை அழுத்தினார். அப்போது, முதலிடத்தில் இருந்த புலி குழுவின் ஷெட்டில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றன.