நான்கு மூலை மஞ்சள்

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பதினேழாம் நாள், ஜெர்மனியின் வடபகுதியில் இயங்கும் நிறுவனமொன்று மஞ்சளை அழுக்கு என்று எழுதியது. வாய்தவறிச் சொன்னதன்று, தாளில் அச்சிட்டு, ஒப்பமிட்டு, ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் சிற்றம்பலத்தின் வீட்டுக்கு அனுப்பிவைத்தது. ‘நான்கு மூலைகளிலும் மஞ்சள் நிற அழுக்கு. அட்டை தன் இயல்புநிலையை இழந்துள்ளது. தரமிட இயலாது.’

சிற்றம்பலம் அக்கடிதத்தை நின்றபடியே வாசித்தார். குசினிக்குப் போனார், எதற்காகப் போனார் என்பதை மறந்து திரும்பினார். யன்னலைத் திறந்தார், மூடினார்.

“இருந்து வாசியுங்கோவன்,” என்றார் மனைவி யோகம். “கடிதம் எங்கையும் ஓடாது.”

“அழுக்காம். நீர் பூசின மஞ்சள் அழுக்காம்.”

“என்ரை குசினிக்கு வந்து பாக்கச் சொல்லுங்கோ அவையை. அழுக்கு எதெண்டு நான் காட்டுறன்.”

சிற்றம்பலத்தின் கோபம் உண்மையானதுதான். ஆனால் அதன் அடியில் வேறொன்றும் கிடந்தது. அதனாலேயே அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

கடிதத்தோடு திரும்பி வந்த பொருள் ஒரு விளையாட்டு அட்டை. பேஸ்போல் என்னும் அமெரிக்க விளையாட்டை மேசைமேல் ஆடுவதற்கென்று ஆக்கிய பெட்டியொன்றைச் சேர்ந்தது. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. அதில் படமில்லை, எண் வரிசைகள்தாம். தாயக்கட்டைகளை உருட்டி, விழுந்த எண்ணை அட்டையில் தேடினால், அந்த ஆட்டக்காரர் பந்தை அடித்து ஓடினாரா, ஆட்டமிழந்தாரா என்பது தெரிந்துவிடும். எண்பதுகளின் நடுவில், அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தோரின் விடுதிக்கு, அமெரிக்கப் படைமுகாமில் இருந்த குடும்பமொன்று தேவாலயம் வழியாகக் கொடுத்த பழைய சாமான்களோடு அப்பெட்டி வந்தது. அங்கிருந்தோருக்கு வேலைசெய்ய அனுமதியில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதியில்லை. சிற்றம்பலமும் அவருடைய அறைத்தோழர் விஜயரத்தினமும் பேஸ்போலைக் கண்ணாலும் கண்டவர்களல்லர். கிரிக்கெட்டை வைத்துக்கொண்டு விதிப்புத்தகத்தோடு மல்லுக்கட்டி அதைக் கற்றார்கள். பின்னர் அனுமதி கிடைத்தது, வேலை கிடைத்தது, பிள்ளைகள் வளர்ந்தார்கள். சனிக்கிழமைதோறும் இருவரும் ஆடும் ஆட்டம் மட்டும் நிற்கவேயில்லை.

இப்போது விஜயரத்தினம் கனடாவுக்குப் போகிறார். மனைவி றீற்றா காலமானபின், ரொறன்ரோவில் மணம்முடித்திருக்கும் மகள் கவிசா அவரைத் தன்னோடு வந்திருக்கும்படி கேட்டிருந்தாள். வீட்டை ஒதுக்க வந்த மகன் நிசாந் பெட்டியைக் கண்டு, இத்தகையவற்றைச் சேகரிப்போர் உலகெங்கும் இருக்கிறார்கள் என்று சொன்னான்.

“இதிலை ஆண்டு போடேல்லை, மாமா. ஆனால் ஆக்களை வைச்சுப் பிடிக்கலாம்.” அவன் ஓர் அட்டையை எடுத்து நீட்டினான். “இந்த எறிகாரன் இந்த அணியிலை ஒரேயொரு வருசம்தான் நிண்டவன். அறுபத்தேழு. அந்த வருசத்து எண்ணிக்கையெல்லாம் பொருந்துது. அப்ப பெட்டி அறுபத்தெட்டிலை அச்சடிச்சது. நீங்கள் விளையாடத் தொடங்கேக்கை இவங்களெல்லாம் ஓய்வெடுத்திட்டாங்கள்.”

“அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் பென்சன்காரரையோ ஓடவிட்டனாங்கள்?” என்றார் விஜயரத்தினம்.

அடுத்து நிசாந் தரமிடுதலை விளக்கினான். அட்டையின் மூலைகளை முதலிலும் விளிம்புகளை அதன்பிறகும் உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ்ப் பார்ப்பார்கள். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுப்பார்கள். பின்னர் உடைத்தாலன்றித் திறக்க முடியாத கடினப் பிளாஸ்ரிக்குக்குள் அடைத்துவிடுவார்கள். வெள்ளோட்டமாக ஒன்றை அனுப்புவது, நல்ல மதிப்பெண் வந்தால் பெட்டி முழுவதையும் அனுப்பி விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. இருவரும் ‘சண்டியன்’ என்று பெயரிட்டிருந்த இடக்கை அடிகாரனின் அட்டை தெரிவுசெய்யப்பட்டது; அதுவே சற்றும் மடியாதிருந்தது.

“பெட்டியை உம்மட்டை விட்டிட்டுப் போனால் நீர் ஆரோடை விளையாடுவீர்?” என்று விஜயரத்தினம் கேட்டார். “தூசிதான் பிடிக்கும். விப்பம்.”

“ஓம்,” என்றார் சிற்றம்பலம்.

வேறென்ன சொல்வது? பெட்டியில் பாதி அவருடையது. ஆனால் அந்தப் பெட்டி போய்விட்டால் ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் ஒருவரை எதற்காக அழைப்பார்? சுகமா என்று ஒருவரையொருவர் கேட்டறியாதவர்கள் அவர்கள். றீற்றாவின் செத்தவீட்டுக்குப் பிறகுகூட, ‘உம்மட எறிகாரன் களைச்சுப்போனான், ஆளை மாத்தும்’ என்றுதான் சிற்றம்பலத்துக்குச் சொல்ல வந்தது. அதற்கே விஜயரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆளை மாற்றினார்.

அட்டையைத் தபாலில் சேர்க்கும் பொறுப்பு சிற்றம்பலத்துடையது. அன்று காலை அவர் ஒட்டுநாடா தேடிக்கொண்டு வந்தபோது, யோகம் சாமிப்படத்தடியில் நின்று, கண்ணாடித்தாள் உறையிலிருந்து சண்டியனை வெளியே எடுத்து, நான்கு மூலைகளிலும் குழைத்த மஞ்சளைத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். நல்ல காரியத்துக்கென்று வீட்டைவிட்டுப் போகும் எந்தக் கார்ட்டையும் அவர் வெறுமூலையோடு அனுப்பியதில்லை. மகளின் கலியாணக் கார்ட்டும் அப்படித்தான் போயிற்று. உறைக்கு மேலே பூசினால் மஞ்சள் எதில் படும் என்பது அவருடைய நியாயம்.

சிற்றம்பலம் வாசற்படியில் நின்று பார்த்தார். மூலைகளைத்தான் முதலிற் பார்ப்பார்கள் என்று நிசாந் சொன்னது நினைவிருந்தது. தடுத்திருக்கலாம், வேறோர் அட்டையை வைத்து அனுப்பியிருக்கலாம். அவர் மஞ்சள் காயும்வரை காத்திருந்து, உறையை ஒட்டி, தபாலில் போட்டார். அன்றிலிருந்து கடிதம் வரும்வரை ட்ராமில் ஏறினால் இறங்குமிடத்தைத் தவறவிட்டார். பால் வாங்கக் கடைக்குப் போய் வெறுங்கையோடு வந்தார்.

சனிக்கிழமை விஜயரத்தினம் வந்தார். கடிதத்தை வாசித்தார். சண்டியனை வெளிச்சத்திற் பிடித்து மூலை மூலையாகப் பார்த்தார்.

“யோகம், நீரோ பூசினது?”

“ஓம் அண்ணை. நல்லதுக்குத்தானே பூசினனான்.”

“உம்மிலை பிழையில்லை.” அவர் சிற்றம்பலத்தின் பக்கம் திரும்பினார். “நீர் கண்டனீரோ?”

“கண்டனான்.”

“கண்டிட்டும் ஒட்டினனீர்.”

“ஓம்.”

விஜயரத்தினம் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போட்ட தேநீர் ஆறிற்று. அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. சிற்றம்பலம் தாயக்கட்டைகளைச் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். நடக்க நடக்க அவை ஒன்றோடொன்று முட்டிச் சத்தமிட்டன.

“ஒண்டில் போய்க் கதையுங்கோ,” என்றார் யோகம், “இல்லாட்டி அதை மேசையிலை வையுங்கோ. எனக்குத் தலை இடிக்குது.”

செவ்வாய்க்கிழமை தொலைபேசி ஒலித்தது.

“கடிதத்திலை விடர்ஸ்புருக்குக்கு எப்ப வரைக்கும் தவணை போட்டிருக்கு?”

விடர்ஸ்புருக் என்பது நிராகரிப்புக்கு எதிராக எழுதும் முறையீடு. அகதி விண்ணப்பம் முதன்முறை தள்ளப்பட்டபோது இருவரும் கற்றுக்கொண்ட ஜெர்மன் சொல் அது.

“தவணை ஒண்டும் இல்லை. அது அரசாங்கக் கந்தோர் இல்லை, கடை.”

“கடையெண்டாலும் எழுதுவம். எங்களையும் முதல் தரம் தள்ளினவங்கள்தானே. அப்ப நாங்கள் பேசாமலோ இருந்தனாங்கள்?”

அரைமணி நேரத்திற் படியேறி வந்துவிட்டார். கடதாசியும் பேனையும் எடுத்துவைத்தபிறகும் எழுதத் தொடங்கவில்லை.

“ஏன் பேசாமல் ஒட்டினனீர்?”

“பிளாஸ்ரிக்குக்குள்ளை போட்டால் எப்பிடி விளையாடுறது?”

“நான் கனடாவிலையெல்லோ இருப்பன்.”

“அங்கை தாயக்கட்டை விக்கிறேல்லையோ?”

விஜயரத்தினம் பேனையை அவர் பக்கம் தள்ளினார். “விசரா. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே.”

“சொல்லத் தெரியேல்லை.”

“சரி. எழுதும். மரியாதைக்குரிய ஐயா, அம்மணி…”

முறையீட்டை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். மதிப்பெண் வேண்டாம் என்றும், அழுக்கு என்ற ஒரு சொல்லை மட்டும் நீக்கித் தரவேண்டும் என்றும் கேட்டார்கள்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் விஜயரத்தினம் விமானமேறினார். அட்டைகளைப் பாதியாகப் பிரித்தபோது, சண்டியனுக்காக வழக்கம்போற் சண்டை பிடித்து, வென்று, தம்மோடு கொண்டுபோனார். இப்போது அங்கே காலையாகவும் இங்கே பின்னேரமாகவும் இருக்கும் சனிக்கிழமைகளில் ஆட்டம் நடக்கிறது.

“கமராவைத் தாயக்கட்டைக்குப் பிடியும்,” என்கிறார் விஜயரத்தினம். “உம்மட மூஞ்சையைப் பாத்து எனக்கென்ன?”

“உம்மட சண்டியன் இன்னும் அடிக்க வராமல் வெளியாலை நிக்கிறான். மஞ்சள் குளிச்சுக்கொண்டு நிக்கிறானாக்கும்.”

நிறுவனம் இன்றுவரை மறுமொழி எழுதவில்லை. சிற்றம்பலம் நாள்தோறும் தபாற்பெட்டியைத் திறக்கிறார், விளம்பரத்தாள்களோடு படியேறுகிறார், மறுபடியும் இறங்கிப் பார்க்கிறார். இரண்டு கிழவர்கள் எழுதினால் அவர்களுக்கு அது குப்பை. ஆகவே, உங்கள் வீட்டுக் கலியாணக் கார்ட்டின் மூலையில் மஞ்சள் தொட்டு அனுப்பியிருக்கும் வாசகரே, வாசித்துவிட்டு மடித்துவைக்காதீர்கள். அட்டைகளுக்குத் தரமிடும் நிறுவனம் எங்கே இருந்தாலும் அதற்கு உங்கள் பெயரையும் முகவரியையும் இட்டு எழுதுங்கள்: மஞ்சள் அழுக்கன்று, அச்சொல்லை நீக்குக.