தவுக்கேக்கு ஒரு செடி

எதிர்வீட்டுத் தங்கராஜு அண்ணனின் பூனை இறந்த சேதி, சந்தைக்குப் போயிருந்த அவர் மனைவி வாசுகி அண்ணிக்கு முன்பே எனக்குத் தெரியும். நான் ஒன்றும் வேவு பார்க்கிறவள் இல்லை. அவர்கள் வாசலும் என் வாசலும் நேருக்கு நேர். கண்ணை மூடிக்கொண்டா துணி காயப்போட முடியும்?

பூனைக்குப் பெயர் தவுக்கே. பெயரே முதலாளி என்றால் நடப்பு எப்படி இருக்கும்? அண்ணன் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். காலை ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு வந்து அவர் நெத்திலி வைத்தால்தான் அது கண்ணே திறக்கும். பிறகு காரின் மேல் படுத்து, தூரத்துப் புகைபோக்கிகள் எல்லாம் தன் சொத்து என்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கும். பதினாறு வருட ஆட்சி.

வீட்டுப் பின்புறம் புதைத்தார்கள். மறுவாரம் டிராகன் படம் போட்ட ஒரு நீலத் தொட்டி வாசலுக்கு வந்தது. புதைத்த இடத்து மண்ணை அள்ளி அண்ணன் அதை நிரப்பினார். இனி செடிதான் பாக்கி.

செனாய் போகும் சாலையில் ஒரு பெரிய செடிக்கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பியபோது எனக்கும் ஒரு கறிவேப்பிலைக் கன்று தேவைப்பட்டது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

கடைக்காரச் சீனத்தியிடம் அண்ணன் மலாயில், "தவுக்கேக்கு ஒரு செடி வேணும்" என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. சிவப்பு ரிப்பன் கட்டிய மூங்கில் ஒன்றைத் தூக்கி வந்தாள். "இது வச்சா வியாபாரம் ஓஹோன்னு போகும். உங்க தவுக்கேக்கு என்ன தொழிலு?"

"தூங்குறது."

"பெரிய இடந்தான்" என்றாள். "ஆபீஸ்ல வைக்கவா, வீட்லயா?"

"அவன் செத்துட்டான்."

மூங்கில் மெல்லப் பின்னால் போனது. வெள்ளைப் பூக்கள் பக்கம் கை நீண்டது. "ஐயோ பாவம். என்ன வயசு?"

"பதினாறு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கறிவேப்பிலையைப் பார்த்தேன். "பூனைம்மா" என்று நான்தான் சொல்லி முடித்தேன்.

அதற்குள் அண்ணன் நிழலுக்குக் கட்டிய கறுப்பு வலைக்குக் கீழே நடக்கத் தொடங்கியிருந்தார். எங்கோ ஒரு குழாய் பனிபோல் நீரைத் தூவிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு செடி முன்னும் நின்றார், கண்ணை மூடினார், தலையைத் தடவுவதுபோல் இலையைத் தடவினார். பச்சை வெளிச்சத்தில் அவருடைய தடித்த விரல்கள்கூட எடையில்லாமல் தெரிந்தன. ரோஜாவிடம், "இது இல்ல." ஆர்க்கிட்டிடம், "இது இல்ல." பூனைவால் போல் சிவப்பாகப் பூ தொங்கிய செடியிடம் கொஞ்சம் கோபமாகவே, "இது அவன் மாதிரி நடிக்குது."

திரும்பும்போது காரில் என் கறிவேப்பிலை மட்டும் இருந்தது.

"என்னாண்ணே, இத்தன செடியில ஒண்ணுகூடவா புடிக்கல?"

"தப்பான செடிய வெச்சுட்டா, தெனம் அது மூஞ்சியில முழிச்சு, அவன் இல்லேங்கறதத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும், கமலாட்சி. அதுக்குக் காலித் தொட்டியே தேவல."

அப்புறம் வேலை முடிந்து வந்து அந்தக் காலித் தொட்டிக்கே தினமும் தண்ணீர் ஊற்றினார். நான் இதை மூன்று வீட்டில் மட்டும்தான் சொன்னேன். நான்காவது வீட்டிலிருந்து அது வாசுகி அண்ணியின் காதுக்குப் போனது.

"ஊரே சிரிக்குது. வர்ற வெள்ளிக்கெழம வரைக்குந்தான். அப்பவும் காலியா இருந்துச்சுன்னா, நான் புதினா வெச்சிருவேன்" என்றார் அண்ணி.

"புதினாவா? தவுக்கே மேலயா?" அண்ணனின் குரல் உடைந்தது. அதற்கு மேல் ஒட்டுக்கேட்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது, இருந்தாலும் கேட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், மழைவிட்ட நேரம். தொட்டியில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. கேட்டைத் தள்ளிப் போய்ப் பார்த்தால் குப்பைமேனி! சாக்கடையோரம் முளைக்கிற சனியன். நாளை நல்ல செடி வைக்க இடம் சுத்தமாக இருக்கட்டுமே என்று வேரோடு பிடுங்கித் தொட்டியடியில் போட்டுவிட்டுத் தேநீர் போட வந்துவிட்டேன்.

தேநீரோடு திரும்பினால், அண்ணன் வாசலில் ஒரு கறுப்புப் பூனை. அடுத்து ஒற்றைக்கண் சாம்பல் பூனை. பிறகு மதில் மேலிருந்து இரண்டு. நனைந்த சாலையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. வெயில் ஆரஞ்சு நிறத்தில், சரியாகத் தவுக்கேயின் நிறத்தில், தெருவெல்லாம் படிந்திருந்தது. அந்த வெயிலுக்குள் பூனைகள் வேரில் கன்னத்தைத் தேய்த்தன. மல்லாந்தன. பாதி மூடிய கண்களோடு, நீருக்கடியில் மிதப்பதுபோல் மெல்லப் புரண்டன. சத்தமே இல்லை. தெருவே ஒரு பெரிய தூக்கத்துக்குள் இறங்கிவிட்டது போலிருந்தது.

பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த அண்ணன் ஒன்றையும் விரட்டவில்லை. சீருடையோடு ஈரத் தரையில் உட்கார்ந்தார். ஒற்றைக்கண் அவர் மடியில் உருண்டது.

தன் பூனையான அதைத் தேடி வந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, காக் ரோஸ், சிரித்துவிட்டாள். "அலமாக்! இந்த வேர் வாசத்துக்குப் பூனைங்க மயங்கும் லா."

அப்போதுதான் நாட்டு மருந்துக்கடையில் கேட்ட இன்னொரு பெயர் என் ஞாபகத்துக்கு வந்தது. வாயும் சும்மா இருக்கவில்லை. "ஆமாண்ணே. குப்பமேனிக்குப் பூனைவணங்கின்னு ஒரு பேரு இருக்கு."

"என்னா பேரு?"

"பூனைவணங்கி."

அவர் உதட்டுக்குள் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "இத யாரு புடுங்குனது?"

"தெரியலியேண்ணே" என்றேன். இந்தத் தெருவில் எனக்குத் தெரியாத சேதி என்று ஒன்று இருந்தது அன்றைக்குத்தான்.

பூனைகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்து மறுபடி நட்டார். விடிந்தும் செடி தலை தொங்கியே கிடந்தது. வெள்ளிக்கிழமை. புதினாத் தண்டுகளோடு வந்த அண்ணி தொட்டியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், புதினாவோடே உள்ளே போனார்.

சாயங்காலம் நுனியிலைகள் இரண்டு நிமிர்ந்தன. கூப்பிட்டால் திரும்புகிற காதுகள் போல. "வந்துட்டான்" என்றார் அண்ணன், யாரிடம் என்றில்லாமல்.

அண்ணி தெருவைக் கடந்து வந்து புதினாவை என் கையில் திணித்தார். "இந்தா, நீயே நட்டுக்க. புடுங்கத்தான் நல்லா வருது, நடவும் பழகிக்க."

"அண்ணி, நான்..."

"நேத்து மாடியில நானும் துணிதான் காயப்போட்டுக்கிட்டு இருந்தேன், கமலாட்சி."