காப்பு கட்டிய கை

இந்த அங்கமுத்துவுக்கு எண்ணத் தெரியாது என்று எவனும் சொல்ல முடியாது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரி நடை எண்ணுவது என் வேலை.

என் மனைவி வீராயி களை பறிக்கும்போதே மயங்கி மயங்கி விழுந்தாள். மெட்ராஸ் இதய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். துடிப்பு நடுநடுவே நின்றுபோகிறது என்று சொல்லி, தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்துத் தைத்தார்கள். அது எழுபத்தெட்டாம் வருடம்.

"தினம் காலையில நாடியப் புடிச்சு ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க. எழுபது இருக்கணும். குறைஞ்சா பேட்டரி தீருதுன்னு அர்த்தம். அன்னைக்கே பஸ் ஏறிடுங்க" என்றார் டாக்டர்.

ஐந்து வருடம் எண்ணினேன். ஒருநாளும் எழுபதுக்குக் குறையவில்லை.

"கடிகாரத்தப் பாக்குறீங்களா, என் மூஞ்சியப் பாக்குறீங்களா?" என்று சிரிப்பாள்.

"சும்மா இருடி, எண்ணிக்கை தப்புது" என்று எரிந்துவிழுவேன். என் வாய் அப்படி.

அவள் பிழைத்ததற்கு நேர்ந்துகொண்ட தீமிதியை எண்பத்துமூன்றாம் வருடம் செலுத்திவிடலாம் என்று, குவாரிக்கு லீவு சொல்லிவிட்டு எங்கள் குரும்பலூர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டேன். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால், தீ மிதித்து முடிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

மறுநாள் காலை அறுபத்திரண்டு. திரும்ப எண்ணினேன். அறுபத்திரண்டேதான்.

"எங்கண்ணன் சாமிக்கண்ணுகூட மெட்ராஸ் போயிட்டு வரட்டுங்களா?" என்றாள்.

"அவனா? பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுலயே உன்னத் தொலைச்சிடுவான். இன்னும் ஏழு நாள்தானே, நானே கூட்டிட்டுப் போறேன். ஆத்தா பாத்துக்குவா."

"சரிங்க" என்றாள். என்னை எதிர்த்துப் பேசியே பழக்கமில்லை அவளுக்கு.

அறுபது. ஐம்பத்தேழு. ஐந்தாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தலை சுத்துதுங்க. காப்ப அவுத்துட்டுப் போயிட முடியாதா?"

"வாயக் கழுவு! சாமிக் குத்தம் ஆயிடும். அதெல்லாம் அவுக்கக் கூடாது."

ஆறாம் நாள் விடிந்ததும் அடுப்பு பற்றவைக்கக் குனிந்தவள் நிமிரவேயில்லை. ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தேன். எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

பூசாரி கொளஞ்சியப்பன் வந்தார். உள்ளே வராமல் தெருவிலேயே நின்றார்.

"எழவு வுழுந்த வூட்டுல காப்பு இருக்கக் கூடாது அங்கமுத்து. தீட்டு. நீயே அவுத்துடு."

பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அடப்பாவி, நேற்று அவள் கேட்டது இதைத்தானே.