பொறுப்புடன் பூட்டவும்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: குடியிருப்போர் சங்கச் செயலாளர் தாமோதரன். அவர் மனைவி வசுமதி. முதல் மாடி ராஜாராம், பனியனோடு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சாரதாம்பாள், சொந்த நாற்காலியோடு. படிக்கட்டு பெருக்கி மோட்டார் போடும் எல்லம்மாள், நின்றபடி. செத்துப்போன குரங்கு வரவில்லை. அதை முந்தின நாளே மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டுப் புதைத்தாகிவிட்டது.

திருக்கழுக்குன்றத்தில் குரங்குக்குப் பஞ்சமில்லை. மலையில் பக்தர்களிடம் பிடுங்கித் தின்றது போதாமல் ஊருக்குள்ளும் இறங்கிவிடும். அதனால்தான் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் மொட்டைமாடிக் கதவை எந்நேரமும் பூட்டி வைக்க வேண்டும் என்று விதி. விதியைப் போட்டவர் தாமோதரன். இரும்புக் கதவின் படிக்கட்டுப் பக்கம் 'மேலே செல்பவர் பொறுப்புடன் பூட்டவும்' என்று பெயிண்டில் எழுதியவரும் அவரே. சாவி இரண்டு. ஒன்று அவரிடம், ஒன்று எல்லம்மாளிடம். காலையில் ஆபீஸ் பஸ் ஏறுவதற்கு முன் வாசல் கரும்பலகையில் ஒரு நற்சிந்தனை எழுதிவிட்டுத்தான் போவார். யாரும் அவரைக் கேட்டுக்கொண்டதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் யாரோ கதவைத் திறந்து போட்டுவிட்டார்கள். குரங்குகள் ஏறின. தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தள்ளின. ஒன்று உள்ளே விழுந்தது. குழாயில் நாற்றம் வரும்வரை கட்டடமே அந்தத் தண்ணீரில்தான் சமைத்தது, குடித்தது. "காபி இன்னைக்கு ஒரு தனி ருசியா இருக்கு" என்று ராஜாராம் வேறு சொல்லியிருந்தார். அதை இப்போது யாரும் அவருக்கு நினைவுபடுத்துவதில்லை.

அந்த 'யாரோ' தாமோதரன்தான்.

கட்டடத்துக்கு இன்னும் கேபிள் வராத காலம். கிரிக்கெட்டில் கடைசி ஓவர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது டிவியில் புள்ளி புள்ளியாக மழை. ஆன்டெனாவைத் திருப்ப மேலே ஓடினார். ஜன்னலிலிருந்து வசுமதி, "வருது, வருது... ஐயோ, போச்சு" என்று கத்தினாள். ஒருவழியாகப் படம் தெளிந்ததும், கம்பத்தடியில் கழற்றிப் போட்ட செருப்பைக்கூட மறந்து வெறுங்காலோடு ஓடி வந்தார். கதவும் மறந்துபோயிற்று. மேட்சும் தோற்றுப்போயிற்று.

"இதுல பேச என்ன இருக்கு?" என்றார் ராஜாராம். "சாவி வச்சிருக்கிறது ரெண்டே பேர். ஒருத்தர் நம்ம சார். மிச்சம் யாரு?"

எல்லாரும் எல்லம்மாளைப் பார்த்தார்கள்.

"இன்னாத்துக்கு என்னியப் பாக்குறீங்க? நான் அன்னிக்கு மாடிக்கே போவல."

"இவளை நிறுத்திட்டு வேற ஆள் பாருங்க" என்றார் சாரதாம்பாள். "வாந்தி எடுத்து எடுத்து என் தொண்டையே போச்சு."

எல்லம்மாளின் புருஷன் செய்யூர்ப் பக்கம் சவுக்குத்தோப்பில் மரம் வெட்டப் போய்க் காலை ஒடித்துக்கொண்டு கிடந்தான். இந்த வேலைதான் அந்த வீட்டின் சோறு. அது தாமோதரனுக்குத் தெரியும். கரும்பலகையைப் பார்த்தார். 'தவற்றைத் தானே முன்வந்து சொல்பவன் தலை குனிவதில்லை.' காலையில் பழக்கதோஷத்தில் எழுதியது.

எழுந்து நின்றார். "கதவைத் திறந்து போட்டது நான்தான்."

ராஜாராமுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? ஒரு ஏழைப் பொம்பளைக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கிறாரு. இவரு மனுஷன்!"

"இல்ல சார், நிஜமாவே..."

"போதும் சார். இதுக்கு மேல பேசினா நான் அழுதுருவேன்."

சாரதாம்பாள் பள்ளிக்கூட ஞாபகத்தில் கைதட்டினார். வசுமதிக்கு உண்மை தெரியும். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லம்மாள் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பாள்.

"சாரு சொல்றது நெசந்தான். அவருதான் தொறந்து போட்டுட்டு ஓடியாந்தாரு. நான் படி பெருக்கிகினு இருந்தேன், பாத்தேன். செருப்பு கூட மேலியே கீது, போய்ப் பாருங்க."

"அடிப்பாவி!" சாரதாம்பாள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "உன்னைக் காப்பாத்தத்தானே அவர் அப்படிச் சொன்னாரு? அதையே பிடிச்சுக்கிட்டு அவர் தலையில கட்டுறியே!"

"அவரே சொன்னாரும்மா! அத்தத்தான நானும் சொல்றேன்!"

"அவர் சொல்லலாம். நீ சொல்லலாமா?"

கதவைத் திறந்து போட்டதையாவது மன்னித்திருப்பார்கள். நன்றிகெட்டத்தனத்தை எப்படி மன்னிப்பது? அன்றோடு வேலை முடிந்தது. தொட்டி கழுவ வந்தவர்கள் மாடிக் கதவைத் திறந்து போட்டுப் போயிருந்தார்கள். அதைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்படி சாரதாம்பாள் உத்தரவு போட்டார்.

எல்லம்மாள் தாமோதரனைப் பார்த்தாள். "நீயாவது சொல்லு சார்."

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். ஆனால் ராஜாராம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். அது நன்றாகத்தான் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு என்று தாமோதரன் மனதைத் தேற்றிக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால், அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

கூட்டம் காபிக்குக் கலைந்தது. தொட்டியைப் பார்த்துவிட்டு வருவதாக வசுமதியிடம் சொல்லிவிட்டு மேலே போனார். போனது செருப்புக்காக. எவனாவது போய்ப் பார்த்துத் தொலைத்தால்?

வெயிலில் தரை தோசைக்கல்லாக இருந்தது. ஒற்றைச் செருப்பு ஆன்டெனாக் கம்பத்தடியில் கிடந்தது. இன்னொன்றின் வாரைக் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு குரங்கு மென்றுகொண்டிருந்தது. கிடைத்ததைக் கையில் எடுத்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் தூக்கியபடி திரும்பினார்.

மாடிக் கதவின் வாசற்படியில் எல்லம்மாள் நின்றிருந்தாள். கையில் பூட்டு.

"எல்லம்மா, இரு, வந்துட்டேன்."

அவள் செருப்பைப் பார்த்தாள். "அத்த எடுக்கவா சார் வந்த?"

"நான்தான்னு எல்லார் முன்னாடியும் சொன்னேனே."

"சொன்ன சார். யாரு இல்லன்னது? நானும்தான் சொன்னேன்."

தாமோதரன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி பத்திரமாக இருந்தது. பூட்டு போடுவது படிக்கட்டுப் பக்கம்.

"பொறுப்பாப் பூட்டணும்னு நீதான எழுதி வச்சிகீற" என்றாள் எல்லம்மாள்.

இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டுக்குள் சாவி திரும்பியது. சரியாக விழுந்திருக்கிறதா என்று அவள் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்த சத்தமும் கேட்டது.