நங்கூரத்தைக் கரையில் விட்ட புதன்கிழமை

புதன்கிழமைப் பந்தயம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. தோர்கில் தன் பாய்மரப் படகிலிருந்த மெத்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து காரின் பின்சீட்டில் திணித்துக்கொண்டிருந்தான். மெத்தைக்குப் பிறகு அடுப்பு. அப்புறம் கெட்டில், மடக்கு மேஜை, தண்ணீர் கேன்கள். கடைசியாக நங்கூரமும் அதன் சங்கிலியும்.

"உள்ள ஒரு பல் பிரஷ் இருக்கு பாரு. அதனால படகு முழுகிடப் போகுது," என்றாள் அவன் மனைவி லோனெ.

"அத அப்பவே எடுத்துட்டேன்," என்றான் தோர்கில். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு அவன் பன்றிப் பண்ணைகளுக்குக் கொட்டகை வரைந்து கொடுப்பவன். மிச்ச நேரமெல்லாம் இந்தப் படகைத்தான் வரைந்தான். பந்தயத்தில் பறக்க வேண்டும். குடும்பம் உள்ளே படுத்துத் தூங்க வேண்டும். சாதாரணக் காரின் பின்னால் டிரெய்லரில் ஏறவும் வேண்டும். கூரையை ஒரு சாண் உயர்த்தினால் காற்று பிடித்துக்கொள்ளும். அகலத்தைக் கூட்டினால் சாலையில் போலீஸ் பிடித்துக்கொள்ளும். டிரெய்லரில் ஏறுவதற்காக படகு கவிழாமல் காக்க அடியில் நீளும் கனமான 'கீல்' தகட்டை மேலே இழுத்துக்கொள்ளும்படி வைத்தான். அது ஏறி நிற்கும் பெட்டி அறைக்கு நட்டநடுவே தூண் மாதிரி நின்றது. கணவனும் மனைவியும் தலையை நீட்டித்தான் முகம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்று படகுப் பட்டறை முதலாளி விபெக்கெ அம்மையாரே ஏறி வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் இந்தக் குளிர்காலத்திலேயே பட்டறையில் இதே படகு வரிசையாகப் பிறக்கும். பிடிக்காவிட்டால் ஆயுசுக்கும் பன்றிதான்.

படகில் குடும்பச் சாமான் எதுவும் குறையக் கூடாது என்பது கிளப் சட்டம். பாதிப் பேர் அதில் பாதியைக் கடைப்பிடித்தார்கள்.

விபெக்கெ வந்ததும் குனிந்து அறைக்குள் நுழைந்தார். கூரையில் 'டங்' என்று ஒரு சத்தம்.

"மெத்தையெல்லாம் எங்க?"

"காயப் போட்டிருக்கோம்."

பக்கத்துப் படகிலிருந்து பால்லெ எட்டிப் பார்த்தான். தண்ணீர் லாரி போன்ற கனத்த படகு அவனுடையது. "டேய் தோர்கில்! ஒரு பன்றிக்கு இவ்வளவு இடம்னு சட்டம் இருக்குல்ல? அதயாவது மனுஷனுக்கு விட்டிருக்கக் கூடாதா?"

கொடி இறங்கியது. தோர்கிலின் படகு எல்லோரையும் விட்டுவிட்டு அம்பு மாதிரி கிளம்பியது. பால்லெ பின்னால் புள்ளியானான். விபெக்கெ சுக்கானைப் பிடித்துச் சிரிக்கக்கூடச் செய்தார். தோர்கில் மனசுக்குள் பன்றிகளுக்கு விடை கொடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போது காற்று செத்தது.

பாய் துவைத்த துணி போலத் தொங்கியது. லிம்ஃபியோர்டு கடற்கழியின் நீரோட்டம் எதிர்த்து வந்தது. பின்னாலிருந்த படகுகளில் 'தொபுக், தொபுக்' என்று நங்கூரங்கள் விழுந்தன. காற்றில்லாத நேரத்தில் நின்ற இடத்தில் நிற்பதும் பந்தயம்தான்.

"நங்கூரத்தப் போடு," என்றார் விபெக்கெ.

"அது... கார்ல இருக்கு."

"சரி, ஒரு காபியாவது போடு."

"அதுவும் கார்லதான் இருக்கு."

படகு பின்னோக்கி நகர ஆரம்பித்தது. முந்திவிட்டு வந்த ஒவ்வொரு படகையும் இப்போது பின்புறமாகக் கடந்தது. எல்லாப் படகிலும் கெட்டில் கொதித்தது.

"வேகம் குறையவே இல்லையே, திசைதான் மாறிருச்சு!" என்று கத்தினான் பால்லெ. "அம்மா, காபி வேணுமா? சீக்கிரம் சொல்லுங்க, போயிட்டே இருக்கீங்க!"

விபெக்கெ எட்டி ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டார். தோர்கிலுக்கு யாரும் தரவில்லை.

தொடக்கக் கோட்டையும் தாண்டி, வளைவுக்கு அப்பாலிருந்த மணல் கரையை நோக்கி நீரோட்டம் தள்ளியது. தோர்கில் கீலை மேலே இழுத்தான். முழங்கால் ஆழத்தில் படகு வாத்து மாதிரி மிதந்து நின்றது. விலகுகிறோம் என்று கிளப்புக்குச் சொல்லிவிட்டு, கரையில் காரோடு இருந்த லோனெயைப் போனில் கூப்பிட்டான்.

"டிரெய்லரோட வா."

"எதிர்பார்த்தேன்," என்றாள் லோனெ.

அவள் டிரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னோக்கி இறக்கினாள். மூவருமாகப் பாய்மரத்தைச் சாய்த்தார்கள். படகு ஏறியது. மெத்தைகளுக்கு நடுவே, மடியில் அடுப்போடு விபெக்கெ உட்கார்ந்து வந்தார். தோர்கில் மறுபடி பன்றிகளை எண்ணத் தொடங்கினான்.

கிளப்பில் ஈ காக்கை இல்லை. சமையல்காரர் அப்போதுதான் சூப் பானையை இறக்கினார். விபெக்கெ மூன்று கிண்ணம் சாப்பிட்டார், கம்பு ரொட்டியோடு. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாலேருந்து இந்தப் பந்தயத்துக்கு வர்றேன். சூப்பு சூடா இருக்கும்போது வந்து சேர்ந்தது இன்னிக்குத்தான்."

"அப்ப... கட்டுறீங்களா?"

"தண்ணில இருந்து ரோட்டுக்கு இவ்வளவு சுளுவா ஏறுற படக நான் பாத்ததில்ல. கட்டுறேன். ஆனா உள்பக்கத்த லோனெ வரையட்டும்."

லோனெ அதற்குள் பென்சிலை எடுத்துவிட்டாள். "கூரை ஒரு சாண் ஏறணும்."

"ஒரு விரல்," என்றான் தோர்கில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

விபெக்கெ நெற்றியிலிருந்த வீக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

பேரம் காய்கறிச் சந்தை போல நடந்தது. தோர்கில் ஒருவழியாக நான்கு விரலுக்கு இறங்கி வந்தபோது, ஜன்னலுக்கு வெளியே காற்று திரும்பித் தண்ணீரில் லேசாகச் சிலிர்ப்பு ஓடியது. தூரத்தில் பால்லெ நங்கூரத்தைத் தூக்கத் தொடங்கியிருந்தான்.